வெள்ளிக்கிழமை விரதமும் ஒரு நாயும் ஒரு பூனையும்: சமாளிப்பது எப்படி

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வியாழன் பின்னேரமே தொடங்கிவிடும். மாமி குசினியைக் கழுவுவார், மீன் சட்டி கிணற்றடிக்குப் போகும், வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிப்பார், அந்த ஈரம் காய்வதற்குள் ஜிம்மி வளவுச் சேற்றிலிருந்து வந்து நான்கு காலையும் சாமியறை வாசல் வரைக்கும் ஒழுங்காகப் பதித்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். ஜிம்மி நாய். பூனையின் பெயர் மீனு. முதலில் மீனாட்சி என்றுதான் வைத்தோம், எலியைக் கவ்விக்கொண்டு வருகிற சீவனுக்கு அம்பாளின் பெயரா என்று மாமி ஏசியதால் சுருக்கிவிட்டோம். இப்போது மீனுக்காகத்தான் மீனு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அதுவும் பொருத்தம்தான்.

விரதம் பிடிக்கிற வீட்டில் நாய் வளர்க்கலாமா என்று திருகோணமலையில் என்னிடம் கேட்காத ஆள் இல்லை. வளர்க்கலாம். நாயை மாற்ற முயலாமல் வெள்ளிக்கிழமையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும். அடிபட்டுப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, சாமியறை எல்லையைத் தீர்மானிப்பது. இதில் வீட்டுப் பெரியவர்களோடு வாதாடப் போகாதீர்கள். நான் வாதாடிப் பார்த்தேன். தருமர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்று நின்றாரே, வைரவருக்கு வாகனமே நாய்தானே என்று அடுக்கினேன். மாமி திரியைத் திரித்தபடி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தருமர் சொர்க்க வாசலிலதானே பிள்ளை நிண்டவர், சாமியறைக்குள்ள நிக்கேல்லையே. வைரவர்ட நாயும் வைரவருக்குப் பக்கத்திலதான், நீ விளக்குக் கொளுத்தேக்க மடியில ஏறிப் படுக்கேல்லை" என்றார். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆகவே எல்லை வாசற்படி.

அந்த எல்லையை நாய்க்குப் புரிய வைப்பது நினைப்பதைவிடச் சுலபம். ஒரு பழைய சாக்கை மடித்து வாசலுக்கு வெளியே நான்கடி தள்ளிப் போடுங்கள். பூசைக்கு முன்பு நாயை அதில் உட்காரச் சொல்லி, உட்கார்ந்த அந்த நொடியே வாயில் ஏதாவது கொடுங்கள், பிறகு கொஞ்சம் தாமதித்துக் கொடுங்கள், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தாமதித்து. எழும்பினால் ஏசக்கூடாது, அடிக்கவே கூடாது, திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்தால் சரி. நாங்கள் கொடுத்தது தேங்காய்ச் சொட்டு, விரலளவு. தேங்காய் அளவோடு கொடுத்தால் நாய்க்குக் கெடுதல் இல்லை, அள்ளிக் கொடுத்தால் வயிற்றால் போகும். இரண்டு வாரத்தில் படித்துவிட்டது. இப்போது மணிச் சத்தம் கேட்டால் எங்கே நின்றாலும் ஓடிவந்து சாக்கில் உட்கார்ந்து சாமியறையையே கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் என்ன பக்தி என்று வியந்து போகிறார்கள். மாமியும் போன பிறவிப் புண்ணியம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அது பார்ப்பது தேங்காயை என்று நான் இன்றுவரை சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது, நானும் பூசை நேரத்தில் அடுப்பில் இருக்கும் சோற்றைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

(மாமி சிவபுராணம் படிக்கும்போது மாணிக்கவாசகர் தன்னை நாயிலும் கடையவன் என்று சொல்லிக்கொள்ளும் இடம் வரும். ஜிம்மி சரியாக அந்த இடத்தில் கொட்டாவி விடும். தற்செயல்தான், ஆனால் வாரம் தவறாத தற்செயல்.)

பூசைச் சாமான்களில் கவனிக்க வேண்டியவை

இதை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள்.

எங்களுக்கு நேர்ந்த பெரிய விபத்து பூமாலை நூலால். மாலை வாடியதும் பூவை உதிர்த்துவிட்டு நூலை மேசையில் வைத்திருந்தேன், மீனு அதோடு விளையாடிக்கொண்டிருந்தது, நான் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வரும்போது வாயோரத்தில் இரண்டு அங்குல நூல் தொங்குகிறது, மற்றது எங்கே என்று தெரியவில்லை. இழுக்கக் கையை நீட்டிவிட்டேன், நல்ல காலம் இவர், என் வீட்டுக்காரர், தடுத்தார். பூனையின் நாக்கில் உள்நோக்கிய சிறு முட்கள் உண்டு, நூல் நுழைந்தால் துப்பமுடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு நுனி நாக்கடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொண்டால் குடல் அதன்மேல் சுருக்குப்பை மாதிரி சுருங்கும், அந்த நிலையில் வெளியே தெரிவதை இழுத்தால் குடலை அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள். மீனுவுக்குச் சத்திரசிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மாலை நூல் சாமியறையிலிருந்து நேரே மூடியுள்ள குப்பை வாளிக்குப் போகிறது.

பூக்களில் செவ்வரத்தம்பூ பயமில்லை, ஜிம்மி தின்றிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. அலரி அப்படி இல்லை. அலரியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு, இதயத்தைத் தாக்கும், பூ போட்டு வைத்த தண்ணீரைக்கூட நாயோ பூனையோ குடிக்க விடக்கூடாது. நித்தியகல்யாணியும் வேண்டாம். கற்பூரக் கட்டியை நாய் மிட்டாய் என்று நினைத்து விழுங்கினால் வலிப்பு வரை போகும், ஆகவே டப்பாவை மூடி மேல்தட்டில் வையுங்கள். எண்ணெயில் ஊறிய திரி நாய்க்கு நல்ல வாசம், அதையும் கீழே விட்டுவைக்காதீர்கள். சாம்பிராணி போடுகிற நேரம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், பூனை எழும்பிப் போக ஒரு வழி இருக்க வேண்டும். திருநீறு பூசலாமா என்றால், இவர் தினமும் ஜிம்மியின் நெற்றியில் ஒரு கீற்று இழுத்துத்தான் விடுகிறார், அது உடனே நாக்கை நீட்டி மூக்கு வரைக்கும் நக்கிவிடும், இதுவரை சுகமாகத்தான் இருக்கிறது.

பிறகு பிரசாதம். பொங்கலில் போடும் பிளம்ஸ் இருக்கிறதே, உலர்ந்த முந்திரிகை, அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு இன்னொரு நாய்க்கு ஆபத்தாகிவிடும், முன்கூட்டிச் சொல்லமுடியாது என்பதால் ஒன்றுகூட வேண்டாம். மாமி பொங்கலை இறக்கியதும் பிளம்ஸ் போடுவதற்கு முன்பே ஒரு கரண்டி எடுத்து ஜிம்மிக்கு என்று தனியே வைத்துவிடுவார். சாமிக்குப் படைக்க முன்பே நாய்க்கு எடுத்து வைப்பதா என்று ஒருநாள் சும்மா சீண்டினேன், "ருசி பார்க்கேல்லை, எடுத்துத்தான் வைச்சனான், போய் உன்ர வேலையைப் பார்" என்றார். வெங்காயம் போட்ட வடையும் கூடாது. அவித்த கடலை, மிளகாய் உப்புச் சேராமல், கொஞ்சம் கொடுக்கலாம்.

மரக்கறி நாளில் பூனை

நாய் சமாளித்துவிடும். சோறும் பருப்பும் பூசணிக்காயும் குழைத்து ஒருநாள் கொடுத்தால் தின்றுவிட்டுப் படுத்துவிடும். பூனைக்கு விரதம் கிடையாது. இது பிடிவாதம் இல்லை, உடம்பின் அமைப்பு. டோரின் என்று ஒரு சத்து, பூனையின் உடம்பு அதைத் தனக்குத் தேவையான அளவுக்குச் செய்துகொள்ளாது, மீனிலும் இறைச்சியிலுமிருந்துதான் கிடைக்க வேண்டும், தொடர்ந்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் பழுதாகும். ஒரு வெள்ளிக்கிழமையால் எதுவும் ஆகிவிடாது, ஆனால் கந்தசஷ்டி ஆறு நாளும் வீட்டோடு சேர்த்துப் பூனையையும் மரக்கறியில் போடலாம் என்று யோசித்தால் தயவுசெய்து வேண்டாம். கோயிலில் கொண்டுவந்த பாலை ஊற்றிவிட்டால் போதும் என்பதும் சரியல்ல, வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது.

எங்கள் ஏற்பாடு இது: வியாழன் காலையில் சூடையோ கீரி மீனோ கொஞ்சம் கூட வாங்கி, உப்பும் புளியும் இல்லாமல் அவித்து, முள்ளை எடுத்துவிட்டு, இறுக்கி மூடிய டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை ஒரு பையில் சுற்றி, அந்தப் பையைப் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைப்போம். மாமிக்கு அது தெரியும். அது அங்கே இருப்பது தனக்குத் தெரியாத மாதிரி இருப்பதும் அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றடிக்குப் பின்னால், சிரட்டையில் போட்டுக் கொடுப்பேன், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவேன். இந்தச் சிரட்டைக்கு மட்டும் மதிலில் ஐந்து காகம் காவல் இருக்கும்.

மத்தியானத்துக்கு நாங்கள் ஒன்றும் செய்வதில்லை. பக்கத்து வீட்டு நானா ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் மீனு மதில் ஏறி அங்கே போய்க் குசினி வாசலில் உட்கார்ந்துவிடும், இறைச்சித் துண்டு ஒன்று கிடைக்காமல் எழும்பாது. அவர்கள் வீட்டில் பூனைக்கு நல்ல மரியாதை. நபிகளின் தோழர் ஒருவருக்குப் பூனைக்குட்டியின் மேலிருந்த பிரியத்தால் அபூ ஹுரைரா என்றே பெயர் வந்தது என்று நானாதான் எனக்குச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, வெங்காயத்தோடு சமைத்ததைக் கொடுக்க வேண்டாம், அது பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். இப்போது மீனுவுக்கென்று வெறுமனே அவித்த துண்டு ஒன்றை எடுத்து வைக்கிறார்கள். பதிலுக்கு நாங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நானா வெள்ளை உடுப்போடு பள்ளிக்குக் கிளம்பும் பன்னிரண்டு மணிப்பக்கம் ஜிம்மியைச் சங்கிலியில் போட்டுவிடுவோம். நாயின் எச்சில் பட்டால் அவர் உடுப்பை மாற்றி, கழுவி, திரும்பக் கிளம்ப வேண்டும். ஜிம்மிக்கு நானா என்றால் உயிர், பாய்ந்து நக்காமல் விடாது. இந்த ஊரில் எல்லாச் சமயத்தவரும் ஒரே ஒழுங்கையில் இருக்கிறோம், நாய் வளர்ப்பவர் பக்கத்து வீட்டாரின் தொழுகை நேரத்தையும் தெரிந்து வைத்திருந்தால் சண்டை வராது.

கோணேசர் கோயிலுக்குக் கிளம்புதல்

சம்பந்தர் இந்தப் பக்கம் வராமலே, இராமேசுவரத்தில் நின்றபடி கோணேசர் இருக்கும் கோணமாமலையைப் பாடினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாங்கள் ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு பூசைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்த நாட்களை விரலில் எண்ணலாம். காரணம் ஜிம்மி. செருப்பை எடுத்தால் போதும், கேற்றடியில் குறுக்கே படுத்துவிடும்.

கோயிலுக்கு நாயைக் கூட்டிப்போகக் கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பின்னால் ஓடிவருகிற நாயை என்ன செய்வது? ஒருமுறை ஓட்டோவின் பின்னாலேயே, கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் பிரட்றிக் கோட்டை வாசல் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே புள்ளிமான்கள் திரிகிற இடம், பாய்ந்துவிடுமோ என்று நான் பதறிக்கொண்டு இறங்க, ஒரு கொம்பன் மான் இரண்டடி முன்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது, எங்கள் வீரன் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் எல்லா நாயும் ஒளியாது, குட்டி மான்களை நாய்கள் கடித்துக் குதறுவதும் நடக்கிறதுதான். ஆகவே கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு நாயை நன்றாக நடக்கவிட்டு, தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து, களைத்துப் படுத்த பிறகு சத்தமில்லாமல் கிளம்புங்கள். போய்வருகிறேன் என்று கொஞ்சி விடைபெறக் கூடாது. நாங்கள் செருப்பை முதல் நாளே ஒழுங்கை மூலையில் இருக்கும் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

மான்களைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. அர்ச்சனைச் சாமானைப் பனையோலைக் கூடையிலோ துணிப்பையிலோ கொண்டுபோங்கள். அந்த மான்கள் வாழைப்பழ வாசத்துக்குப் பையையும் சேர்த்துத் தின்னும், வயிற்றில் பொலித்தீனோடு செத்த மான்கள் உண்டு. பிஸ்கட், சிப்ஸ் கொடுத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். பிள்ளைகள் அழுதாலும் வேண்டாம்.

மேலே போய்க் கும்பிட்டு முடிந்ததும் உடனே இறங்கி ஓடிவராதீர்கள். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம், நேர்த்திக்குத் தொட்டில் கட்டியிருக்கும் மரத்துக்குக் கிட்ட நின்றால் காற்று சேலையைப் பிடுங்கும். பங்குனி தொடங்கி ஆவணி வரைக்கும் கடலைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் தூரத்தில் ஒரு வெள்ளைத் தூவல் எழும்பி அடங்குவது சில நாட்களில் தெரியும், திமிங்கிலம் மூச்சு விடுகிறது. எனக்கு இரண்டே தரம்தான் வாய்த்திருக்கிறது. இரண்டாம் தரம் தெரிந்தபோது பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஐயா ஒருவர் கைகூப்பிவிட்டார், அவரைப் பார்த்து நானும் கூப்பினேன், சந்நிதியில் கூப்பியதைவிட அது கொஞ்சம் மனதோடு நடந்தது என்று நினைக்கிறேன், மாமியிடம் சொல்லிவிடாதீர்கள்.

பின்னேரம், கடற்கரை

விட்டுவிட்டுப் போனதற்கு நாய்க்கு நட்டஈடு கொடுக்க வேண்டும். கச்சான் காற்று, அதுதான் மேல்காற்று, வீசும் மாதங்களில் நான்கு மணிக்கே கிளம்பிவிடாதீர்கள், தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. ஐந்தரைக்கு மேல் சரி. ஒரு போத்தல் நல்ல தண்ணீர் கட்டாயம், தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றோட்டமும்தான்.

உப்புவெளி, சல்லிப் பக்கம் கரைவலை இழுக்கிற இடங்களில் சங்கிலியைக் கழற்றவே கூடாது. வலையில் வரும் பேத்தை மீனை மணலில் எறிந்துவிடுவார்கள், பலூன் மாதிரி ஊதிக்கொண்டு கிடக்கும். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு சமைத்தாலும் போகாது, நாய் கடித்துத் தின்றால் வாய் மரத்து, வாந்தி எடுத்து, கால் தள்ளாடி, கடைசியில் மூச்சுத் தசையே நின்றுவிடும். தின்றது என்று சந்தேகம் வந்தாலே ஓட்டோ பிடியுங்கள், காத்திருந்து பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம்.

கடற்கரையில் ஊர் நாய்களும் வரும். வெள்ளிக்கிழமை தருமம் என்று அவற்றுக்குச் சோறு வைப்பவர்கள் கொஞ்சம் மெனக்கெட்டு விசர்நாய்த் தடுப்பூசி போடவும் வழி பாருங்கள், வீட்டு நாய்க்கு வருடா வருடம் போடுங்கள். கடித்தாலும் நகம் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் வைத்துக் கட்டுவதை விட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் கவனித்த பிறகு ஒரு வேலையும் இல்லை. மணலில் உட்கார்ந்து ஒரு சுருள் வறுத்த கச்சான், அதுதான் நிலக்கடலை, வாங்குங்கள். கச்சான் காற்றில் கச்சான் தின்பதில் ஒரு சங்கடம், தோலை ஊதினால் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும், ஆகவே காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். உப்பில்லாத பருப்பு இரண்டு மூன்றை உடைத்து நாய்க்கும் கொடுக்கலாம். அம்மன் கோயில் மணி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஜிம்மி காதைத் திருப்பும், உடனே மணலில் சப்பென்று உட்கார்ந்து என் கையைப் பார்க்கும். மணி அடித்தால் தேங்காய் வரவேண்டும் அல்லவா, கச்சானை நீட்டினால் ஒரு நொடி யோசித்துவிட்டு வாங்கிக்கொள்ளும்.

சுவாமி நகர்வலம் வரும் நாட்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு சரிவராது. வெடியும் மேளமும் ஒழுங்கைக்குள் வருவதற்கு முன்பே நாயை உள்ளறையில் விட்டு, மின்விசிறியைச் சத்தமாக வைத்து, ஜன்னலை மூடி, கழுத்துப் பட்டியில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள், பயத்தில் மதில் பாய்ந்து ஓடும் நாய் திரும்பி வர வழி தெரியாமல் நிற்கும். யாராவது ஒருவர் அதோடு வீட்டில் இருப்பது நல்லது. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் இவர்தான், தானும் வெடிக்குப் பயம் என்பதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

சனிக்கிழமை காலையில் மாமி காகத்துக்கு எள்ளுச் சோறு வைப்பார். சிரட்டைக்குக் காவல் இருந்த ஐந்தும் அதே மதிலில்தான் இருக்கும், மாமி "கா கா" என்று கூப்பிட்டு இலையை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஜிம்மி முன்னங்காலை மதிலில் ஊன்றி இலையோடு வழித்துவிடும். சோற்றை உயரத்தில் வைப்பது எப்படி என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஏணி ஒன்று கேட்டிருக்கிறார் மாமி.